கழுத்தில் இரண்டு சுருக்கு

கடல்நாய்த் திட்டில் எல்வுட்டை இறக்கிவிட்டுப் படகைத் திருப்பினான் மெர்டன். வாத்து வருகிற வானத்தைப் பார்க்க வேண்டிய எல்வுட், மச்சானின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்ப வருவ?" என்று கேட்டான்.

"முப்பது வருஷமா கேக்காத கேள்விய இன்னைக்குக் கேக்குற. தண்ணி பாறைப் பாசியத் தாண்டினா வருவேன். உன்ன இங்கயே விட்டுட்டுப் போயி எங்க அக்கா கையில அடி வாங்கவா?" மெர்டன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எல்வுட்டுக்குப் பிடிக்கவில்லை.

கடல் வற்றும் நேரத்தில்தான் அந்தத் திட்டு தலைகாட்டும். ஏற்றம் வந்துவிட்டால் அதன்மேல் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். டிசம்பர் மாதத்தில் மேய்ன் மாநிலத்தின் குளிர்ந்த கடலில் விழுந்தவன் நீந்திக் கரையேறியதாக யாரும் சொன்னதில்லை. திட்டில் ஒருவன் துப்பாக்கியோடு படுத்திருப்பான். இன்னொருவன் படகோடு தள்ளி நின்று, விழுகிற வாத்தைப் பொறுக்குவான், பிறகு வந்து ஆளை ஏற்றிக்கொள்வான். படுத்திருப்பவனின் உயிர் படகுக்காரன் கையில். முப்பது வருடமாக எல்வுட் அதை யோசித்ததே இல்லை.

இரண்டு வாரமாக வேறு எதையும் யோசிக்கவில்லை.

எதிரே, நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க, ஒரே கயிற்றில் கோத்த பன்னிரண்டு மர வாத்துகள் அலையில் ஆடிக்கொண்டிருந்தன. முன்னால் நின்ற ஆண் ஈடர் வாத்து, கறுப்பு வெள்ளை வண்ணம் பூசியது, மாமனார் செதுக்கியது. அதன் கழுத்தில் கயிறு இரட்டைச் சுருக்காகப் போட்டிருந்தது. போன வேட்டை முடிந்து, மெர்டன் கட்டிவைத்த மூட்டையைக் கொட்டகையில் பிரித்தபோதுதான் எல்வுட் அதைப் பார்த்தான்.

அந்தத் துறையில் சிங்கி இறால் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உன் கூண்டின் மிதவைக் காம்பில் யாராவது இரட்டைச் சுருக்குப் போட்டுவிட்டுப் போனால், 'இது உன் தண்ணீர் இல்லை, எடுத்துக்கொண்டு போ' என்று அர்த்தம். போகாவிட்டால் அடுத்த முறை கயிற்றில் கத்தி. வாயால் சொல்ல மாட்டார்கள். யார் போட்டது என்றும் கேட்க முடியாது.

எல்வுட் பக்கத்துத் துறையிலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. மெர்டனின் அக்கா தெல்மாவைக் கட்டியதால் இந்தத் தண்ணீரில் கூண்டு போடுகிறான். மாமனார் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது மெர்டனின் மகன் சொந்தப் படகு வாங்கிவிட்டான். அவனுக்கும் இடம் வேண்டுமே. மாமனாரின் வாத்துக் கழுத்திலேயே முடிச்சா? அந்த அவமானம்தான் எல்வுட்டுக்குத் தாங்கவில்லை. நான்கு நாள் கழித்து, மூடுபனி இறங்கிய ஒரு காலையில் போய், மெர்டனின் ஆறு கூண்டுக் கயிறுகளை அறுத்துவிட்டு வந்தான். வீட்டில் மூச்சு விடவில்லை. இன்று மெர்டன் வேட்டைக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும் என்று வந்தும்விட்டான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவன் மடியில் ஆறு கூண்டு.

தண்ணீரை உரசிக்கொண்டு ஒரு வரிசை ஈடர்கள் வந்தன. மர வாத்துகளைக் கண்டு இறங்குவதற்கு இறக்கையை விரித்தன. எல்வுட் இரண்டு முறை சுட்டான். ஒன்று விழுந்தபடியே கிடந்தது. மற்றொன்று இறக்கை முறிந்து விழுந்து, முங்கி, தூரத்தில் தலை தூக்கியது. மெர்டனின் படகு அதன் பின்னால் போய் முனையைச் சுற்றி மறைந்தது.

பத்து நிமிடம் ஆனது. அரை மணி ஆனது.

தண்ணீர் பாசியைத் தாண்டியது. படகிலிருந்து கூடவே இறக்கிய துடுப்பை, 'வா' என்பதற்கு அடையாளமாகச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தான். பார்க்க ஆளில்லை. ஒரு வாத்துக்கு இவ்வளவு நேரமா? தெரிந்துவிட்டது, நிச்சயம் தெரிந்துவிட்டது. 'எஞ்சின் நின்னுபோச்சு, என்னால முடிஞ்சதப் பாத்தேன்' என்று மெர்டன் தெல்மாவிடம் சொல்லப்போவது காதில் கேட்டது. திட்டின் உச்சிக்கு ஏறினான். தண்ணீர் அங்கேயும் வந்து கணுக்காலை நனைத்தது. பிறகு முழங்காலைத் தொட்டது.

முழங்காலுக்குமேல் ஏறியபோது படகு முனையைச் சுற்றி வந்தது.

"பயந்துட்டியா?" மெர்டன் வாத்தைத் தூக்கிக் காட்டினான். "முங்கி முங்கிப் பாசிக்குள்ள ஒளியுது, திருட்டுப்பய. அடிபட்டத விட்டுட்டு வர முடியுமா, சொல்லு."

எல்வுட்டுக்குப் பல் கிட்டியது. ஆனாலும் அடக்க முடியவில்லை. "அந்த வாத்துக் கழுத்துல முடிச்சு எதுக்குப் போட்ட?"

"எந்த வாத்து?" மெர்டன் திரும்பிப் பார்த்தான். "அதுவா? அடியில கயிறு மாட்டுற வளையம் துருப்பிடிச்சுப் பிஞ்சுபோச்சு. அப்பா செஞ்சது, தண்ணியோட போயிரக் கூடாதேன்னு கழுத்துல மாட்டிவச்சேன். நீ வேற வளையம் அடிப்பன்னு பாத்தா, அப்படியே மிதக்க விட்டுருக்க. மூக்கால தண்ணி குடிக்குது பாரு."

வாத்தைத் திருப்பி அடியைப் பார்க்க எல்வுட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது.

"ஏறு மச்சான், வெறச்சுப் போயிட்ட." மெர்டன் பாறை முனையைப் பிடித்துப் படகை நிறுத்தினான். "எனக்கும் நேரம் சரியில்ல. எவனோ என் கூண்டுல அஞ்ச அறுத்துட்டான். நம்ம துறை ஆர்வில் என்ன சொன்னான் தெரியுமா? உன் மச்சான் வேலையா இருக்கும்னான். அவன் மூஞ்சியில ஒண்ணு விட்டேன், இன்னும் கை வலிக்குது."

எல்வுட் தூக்கிய காலைத் திரும்ப வைத்தான்.

"அஞ்சு இல்ல மச்சான்," என்றான். "ஆறு."

சொல்லத்தான் சொன்னானா, வாய் தவறி வந்ததா, அவனுக்கே தெரியாது.

மெர்டனின் கை பாறையை விட்டது. படகு ஓர் ஆள் நீளம் விலகியது. கூப்பிட எல்வுட்டுக்கு என்ன முகம் இருக்கிறது? மெர்டன் கீழே கிடந்த வாத்தைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான். கடைசியில் துடுப்பை எடுத்து, படகைத் தள்ளிக் கொண்டுவந்தான்.

"ஏறு."

எல்வுட் ஏறி உட்கார்ந்தான். மர வாத்துகளைப் படகுக்குள் இழுத்துப்போட்டபோது, மெர்டன் முன் வாத்தைத் தலைகீழாகத் திருப்பி எல்வுட்டின் மடியில் வைத்தான். அதன் அடியில், வளையம் இருந்த இடத்தில், துருவேறிய ஓட்டை இருந்தது.

மறுநாள் காலை எல்வுட் கூண்டு தூக்கப் போனான். முதல் மிதவையின் காம்பில் இரட்டைச் சுருக்கு இருந்தது. இந்த முறை யார் போட்டது என்று அவன் யோசிக்கவில்லை. அடுத்த மிதவையிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும்.

ஒரு முடிச்சையும் அவிழ்க்காமல், கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் ஏற்றினான்.