பெங்களூர் வரைக்கும் ஒரு பாஸ்

எதைப் படித்தாலும் வாய்க்குள்ளேயே படிப்பது சம்பங்கியின் பழக்கம். குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் உறங்கும் அறையில் அமர்ந்து, ஊரிலிருந்து வந்த பொட்டலக் காகிதங்களைக்கூட உதடு மட்டும் அசையப் படித்துப் பழகியவள். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பிய பின்னும் அது போகவில்லை. காலை இட்லி வியாபாரம் முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் நன்கு துடைத்துக்கொண்ட பிறகே அறிவியல் புத்தகத்தைத் தொடுவாள். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றில் வந்த தூள் அட்டையின்மேல் படிந்திருக்கும், அதையும் துடைப்பாள். ஆண்டர்சன்பேட்டையில் ஜாய் டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதவிருப்போருள் மூத்தவள் அவளே.

இந்தப் பத்தாவது அவள் மனத்தில் புகுந்தது பெங்களூர் விமான நிலையத்தில். கணவன் இறந்தபின், மகள் பவ்யாவைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்குப் புறப்பட்ட நாள் அது. பத்தாவது தேறாதவர்களின் கடவுச்சீட்டில், வெளிநாட்டு வேலைக்குத் தனி அனுமதி வேண்டும் என்று ஒரு முத்திரை இருக்கும். அதைப் பார்த்த அதிகாரி, "டென்த் பாஸ் இல்லியாம்மா?" என்று கேட்டார். நாள்தோறும் ரயிலேறி, பெங்களூர் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவந்தவளுக்குப் பாஸ் என்றால் ஒன்றுதான். "கீது சார்," என்று கைப்பையைத் திறந்து, ரயிலின் மாதாந்தரச் சீட்டை எடுத்து நீட்டினாள். வரிசையில் நின்ற சிலர் சிரித்தனர். அதிகாரி சிரிக்கவில்லை. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பெங்களூர் வரைக்கும்தாம்மா," என்று அவள் கையிலேயே வைத்தார். மற்றக் காகிதங்கள் சரியாக இருந்ததால் பிறகு போகவிட்டார்கள். ஆயினும் அந்தச் சொல் அவளோடு விமானமேறியது.

பவ்யா செவிலியர் படிப்பு முடித்து, இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். நேற்று மாலை கைப்பேசித் திரையில் அவள் முகம் தெரிந்தது. மடியில் மூன்று மாதப் பிள்ளை.

"அம்மா, உன் விசா வந்துடுச்சு. எனக்கு லீவ் முடியுது. வர்ற மாசக் கடைசில டிக்கெட் போட்டுடவா?"

"அப்போ பரீட்சை கீதேடி."

"இந்த ஊர்ல டென்த் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா. உன் புது பாஸ்போர்ட்ல அந்த சீலே இல்லியே."

உண்மைதான். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அம்முத்திரை இல்லாமலே கடவுச்சீட்டு தருகிறார்கள். ஆனால் அது நீங்கியது படித்ததனால் அன்று. பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதனால்.

"பாஸாயி இன்னா பண்ணப்போற, டாக்டருக்குப் படிப்பியா?"

"படிச்சா மொத ஊசி உனக்குத்தான்."

பவ்யா சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "என் டென்த் ரிசல்ட் வந்தப்போ நீ போன்லதான் இருந்த. நான் ஒண்ணும் கேக்கலியேம்மா. இவனையாச்சும் வந்து தூக்கிக்கோ."

 அந்த ரிசல்ட் வந்த அன்று சம்பங்கி யாரோ ஒருவரின் பிள்ளைக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தாள். மகளின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப்பார்த்தாள். உரக்கச் சொன்னால் உறங்கும் அந்தப் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

இன்று வகுப்பு முடிந்ததும், மகள் கூப்பிடுவதை ஜாய் டீச்சரிடம் சொன்னாள். "அடுத்த தடவையும் பரீட்சை வரும் சம்பங்கிக்கா. பேரன் அதுக்குள்ள நடந்துடுவான்," என்றார் டீச்சர். அதுவும் நியாயந்தான். வீடு வரும்வரை அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டே நடந்தாள். மகளின் பள்ளிக்காக அடுத்த ஆண்டு. மகளின் கல்லூரிக்காக அதற்கடுத்த ஆண்டு. அவளுடைய திருமணத்துக்காக இன்னும் ஓராண்டு. எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவளே அழைத்தாள். பவ்யா களைத்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"போனை அவங்கிட்ட வை."

"இன்னாத்துக்கு?"

"வையேன்."

சம்பங்கி புத்தகத்தைத் துடைத்துப் பிரித்தாள். ஒளி என்னும் பாடம். கண்ணாடியில் ஒளி எவ்வாறு பட்டுத் திரும்புகிறது என்பதை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். தன் குரல் இவ்வளவு பெரிதென்று அவளே அறிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. பிள்ளை திரையைப் பார்த்துக் கையைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பவ்யா கன்னத்தில் கைவைத்து, வகுப்பில் இருப்பவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கம் முடிந்தது.

"தெனம் இந்த நேரத்துக்கு இவனுக்குப் படிக்கறேன்," என்றாள் சம்பங்கி. "கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் டிக்கெட் போடு. பாஸ் பின்னாடியே வரும்."