பத்துத் தோட்டாவும் ஒரு பலகையும்

விருந்தாளி வந்து சேர்வதற்குள்ளேயே டான்சி கேப் துப்பாக்கிச் சங்கத்தில் வாய்ச்சண்டை ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. பனி உருகிச் சுடுதளம் முழுக்கச் சேறு. கொட்டகைக்கு வெளியே பெரிய இரும்பு அண்டாவில் கோழியும் சோளமும் பீன்ஸும் போட்ட ஸ்டூ கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவுக்கு இந்தப் பக்கம் சங்கத் தலைவர் ஹோபர்ட் கீன், அந்தப் பக்கம் டாயல் ஸ்டில்ட்னர். நடுவில் கரண்டியோடு நின்றவன் பாடுதான் திண்டாட்டம்.

வெர்லீன் தன் வண்டியின் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். டாயல் அவளுடைய கொழுந்தன். அவள் கணவனுக்கோ தூண்டிலைத் தவிர வேறெதன் மேலும் ஆசை கிடையாது. ஸ்டில்ட்னர் வீட்டில் துப்பாக்கிப் பைத்தியம் என்றால் இந்த அண்ணியும் கொழுந்தனும்தான்.

விஷயம் இதுதான். மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் ஒரு மசோதா வந்திருந்தது. துப்பாக்கியின் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிக் கீழேயிருந்து செருகுகிற கூட்டில், பத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று. இந்த மலைப்பக்கத்தில் முப்பது பிடிக்கிற கூடு இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மசோதாவை ஆராயும் செனட் குழுவில் எல்லாருடைய ஓட்டும் தெரிந்துவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒருத்தர், பள்ளத்தாக்கு நகரத்து செனட்டர் லெனோர் ஆஷ்பி, நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. டாயல் முப்பது பிடிக்கிற கூட்டோடு ஓடட்டும், வெர்லீன் பத்துப் பிடிக்கிற மூன்று கூடுகளோடு ஓடட்டும், அந்தம்மா பார்க்கட்டும் என்று ஏற்பாடு. பார்த்து அந்தம்மா என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் இன்று காலை வரை ஒருவரும் யோசிக்கவில்லை.

"வெர்லீன் தடுமாறணும்யா," என்றார் ஹோபர்ட். "கூட்டை மாத்த முடியாம திணர்றத அந்தம்மா கண்ணால பாக்கணும். அப்பதான் பத்து பத்தாதுன்னு உறைக்கும்."

"தடுமாறினா என்ன சொல்வாங்க தெரியுமா? 'பாத்தீங்களா, கூட்டத்துல கண்டபடி சுடறவன் கூட்டை மாத்தற நேரத்துல நாலு பேரு ஓடித் தப்பிச்சிடலாம், இதுக்குத்தான் சட்டமே'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க," என்றான் டாயல். "அண்ணி மின்னலா மாத்தணும். இந்தச் சட்டத்தால காலணா பிரயோசனம் இல்லன்னு அப்பதான் தெரியும்."

"மாத்த நேரமே ஆகாதுன்னா உனக்கு முப்பது எதுக்குடான்னு திருப்பிக் கேப்பாங்களே. அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

டாயல் கரண்டியைப் பிடுங்கினான். ஸ்டூவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினான்.

வெர்லீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு மாசமா கொட்டகைக்கு வெள்ளையடிச்சீங்க, கழிப்பறையக் கழுவினீங்க, கோழி எத்தனைன்னு பஞ்சாயத்து வச்சீங்க. வர்றவங்ககிட்ட என்ன சொல்லப்போறோம்னு ஒருத்தருக்குமா தோணல?"

ஆனால் சிரிப்பெல்லாம் வாயளவில்தான். காலையிலிருந்து பூட்ஸ் கயிற்றை இத்தோடு மூன்று தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டாள். அது செனட்டருக்காகவும் இல்லை, மசோதாவுக்காகவும் இல்லை. கொட்டகைச் சுவரில் தொங்கிய ஓக் பலகைக்காக.

அந்தப் பலகையில்தான் ஒவ்வொரு குளிர்காலமும் ஜெயித்தவர் பெயரைச் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். எழுதுவது யார் என்றால் போன வருஷம் ஜெயித்தவர். தோற்றவன் கையாலேயே ஜெயித்தவன் பெயரை எழுத வைப்பது சங்கத்துக்குப் பிடித்த குரூரம். ஆறு வருஷமாக டாயல் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு, எழுதும்போது பாட்டு வேறு பாடிக்கொண்டு, பார்ப்பவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தான். வெர்லீன் பல வருஷமாக இரண்டாவது, மூன்றாவது. இந்தக் குளிர்காலத்தில் இருவரும் சமமான புள்ளிகள். இன்றைக்குக் கடைசிப் போட்டி. "பத்தோட ஓடச் சொல்றீங்க, சரி. ஆனா இது பலகைக்குச் சேரணும்," என்று ஹோபர்ட்டிடம் கேட்டுக் கைகுலுக்கி வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவள் சம்மதித்திருந்தாள். அன்றிலிருந்து டிவி பார்க்கும்போதுகூட வெறும் கூடுகளை மாற்றி மாற்றிச் செருகி, கணவனை சோபாவிலிருந்து விரட்டியிருந்தாள்.

செனட்டரின் கார் வளைவில் திரும்பியபோது ஹோபர்ட் அவள் வண்டியருகே வந்து குனிந்தார்.

"ஒரே ஒரு தடவ கை நழுவ விட்டுடும்மா. யாருக்கும் தெரியாது. பலகை எங்க ஓடிடப்போவுது, அடுத்த வருஷமும் அங்கதான் தொங்கும்."

"நீங்க அடுத்த வருஷமும் இப்படியே வந்து குனிவீங்களே," என்றாள் வெர்லீன். "என்னால முடியாது ஹோபர்ட்."

அவர் போனதும் டாயல் வந்தான். வாயில் பன்றிக்கறி வைத்த குட்டி ரொட்டி. "அண்ணி, உயிரக் குடுத்து ஓடுங்க. சங்கத்தோட மானம் உங்க விரல்லதான் இருக்கு. அப்படி ஓடியும் நாந்தான் ஜெயிப்பேன், அது வேற விஷயம்."

"முதல்ல வாயில இருக்கறத முழுங்கு தம்பி. அப்புறம் என்னை முழுங்கலாம்."

செனட்டர் ஆஷ்பி குள்ளமான, நரைத்த பெண்மணி. புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. கொடுத்த ஸ்டூவை நின்றபடியே சாப்பிட்டார், இரண்டாவது கிண்ணமும் கேட்டார். அதைப் பார்த்ததும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைப் பிடித்துவிட்டது. நேரம் காட்டும் கருவியை ஹோபர்ட் அவர் கையிலேயே கொடுத்தார்.

களத்தில் மூன்று மரத்தடுப்புகள். ஒவ்வொன்றின் ஜன்னல் வழியாகவும் எட்டு இரும்புத் தட்டுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும். ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்கு ஓட வேண்டும். துப்பாக்கிக் குழல் எப்போதும் தட்டுகளுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். இம்மி பின்னால் திரும்பினாலும் ஆட்டம் காலி.

டாயல் முதலில் ஓடினான். ஓடினான் என்பதைவிடப் பறந்தான் என்று சொல்லலாம். முதல் தடுப்பில் தட்டுகள் டங் டங் என்று வரிசையாகச் சாய்ந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கைநிறையத் தோட்டா இருக்கிற தெம்பில் அவசரப்பட்டான். கடைசித் தட்டு மட்டும் விழ மறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மண்ணைக் கிளப்பி, நாலாவதில்தான் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அப்படியும் செனட்டர் படித்த நேரம் எல்லாரையும் வாயடைக்க வைத்தது.

"முப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு."

அந்தக் களத்தில் அதைவிட வேகமாக யாரும் ஓடியதில்லை. டாயல் காதுக்கவசத்தைக் கழற்றி அண்ணியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

வெர்லீன் போய் நின்றாள். ஒரு கூடு துப்பாக்கியில், இரண்டு இடுப்பில். பின்னாலிருந்து கருவி கீச்சென்றது.

முதல் தடுப்பில் எட்டுத் தோட்டாவுக்கு எட்டுத் தட்டு. ஓடத் தொடங்கும்போதே இடது கை இடுப்புக்குப் போனது, பழைய கூடு தானாகக் கழன்று விழுந்தது, புதியது டக்கென்று உள்ளே போனது. கால் ஒரு அடிகூடத் தயங்கவில்லை. இரண்டாவது தடுப்பை அடைந்தபோது துப்பாக்கி தயார். "அதான், அதான் அண்ணி," என்று டாயல் கத்தியது காதுக்கவசத்தைத் தாண்டியும் கேட்டது. இரண்டாவது தடுப்பில் ஒரு தோட்டா மட்டும் தவறியது. பரவாயில்லை. அவள் மனசுக்குள் குதித்தாள். இன்றைக்கு நடக்கப்போகிறது, இத்தனை வருஷம் கழித்து நடக்கப்போகிறது என்று உடம்பெல்லாம் சொன்னது.

மூன்றாவது தடுப்புக்கு ஓடும்போது இடது கை கடைசிக் கூட்டை உருவியது. குளிரில் விரல் மரத்திருந்தது. கூடு வழுக்கி, முழங்காலில் பட்டு, சேற்றில் போய் விழுந்தது.

துப்பாக்கியில் மிச்சம் இரண்டே தோட்டா, எதிரே எட்டுத் தட்டு. அந்த நொடியில் ஓரக்கண்ணில் ஹோபர்ட்டின் முகம் தெரிந்தது. மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

வெர்லீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இப்போது தோற்றால் இது நிஜமாகவே நழுவியது என்று இந்த ஊரில் ஒரு ஆள் நம்ப மாட்டான். ஹோபர்ட் கண்ணடிப்பார். டாயல் பாட்டுப் பாடுவான். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் சாகும்வரை கூடவே வரும். குழல் மேட்டைப் பார்த்தபடி இருக்க, அவள் குனிந்தாள். சேற்றோடு அள்ளி, தொடையில் ஒரே இழுப்பாகத் துடைத்து, பழையதைக் கழற்றி இதை அடித்துச் செருகினாள். ஜன்னலுக்குள் குழலை நீட்டினாள்.

முதல் தட்டு விழுந்தது. அது குழலில் ஏற்கனவே இருந்த தோட்டா, அதில் பெருமையில்லை. சேறு உள்ளே போயிருந்தால் அடுத்தது சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்தினாள். டங். மூன்று, நாலு. இப்போது அவள் எதையும் யோசிக்கவில்லை, தட்டு மட்டும்தான் தெரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு. டாயலை நாலு தோட்டா அலைக்கழித்த அந்தக் கடைசித் தட்டில் அவள் அரை மூச்சு நின்றாள். அந்த அரை மூச்சு நிற்கத்தான் டாயலுக்குத் தெரியாது. டங்.

செனட்டர் கருவியை மூக்கருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"முப்பத்தி மூணு புள்ளி எட்டு."

கூட்டம் ஓவென்று எழுந்தது. அண்டா அருகில் நின்றவன் கரண்டியை ஸ்டூவுக்குள்ளேயே விட்டுவிட்டான். வெர்லீன் துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சேறு, பல்லெல்லாம் வெளியே. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செனட்டர் நேராக அவளிடம் வந்தார். "அப்படின்னா பத்து போதும்னு எடுத்துக்கலாமா?"

ஹோபர்ட் அவளையே முறைத்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னிக்குப் போதுமா இருந்துச்சும்மா," என்றாள் வெர்லீன். "பட்டப்பகல், இத்தனை வருஷப் பழக்கம், எதிர்ல நிக்கிறது வெறும் இரும்பு. அப்படியும் ஒண்ண சேத்துல போட்டேன். என் தங்கச்சி மலை மேல தனியா இருக்கா, ராத்திரி எவனாவது புகுந்துட்டா ஷெரிஃபோட போலீஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்குப் போதுமான்னு அவளத்தான் கேக்கணும். நான் கூட்டைப் பொறுக்கின மாதிரி நேரத்துல தப்பி ஓடறவங்களப் பத்தி நீங்கதான் யோசிக்கணும். நழுவ விட்டது, மாத்திச் சுட்டது, ரெண்டையும் பாத்துட்டீங்க. நான் ஜெயிக்கத்தான் வந்தேன்."

"வரும்போது பாதித் தெளிவாவது இருந்துச்சு," என்றார் செனட்டர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இருக்கட்டும். யாரும் இதுவரைக்கும் எங்கிட்ட ரெண்டையும் சேத்துச் சொன்னதில்ல."

ஹோபர்ட்டுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. கூடு விழுந்ததால் டாயலின் வாதம் போயிற்று, வெர்லீன் ஜெயித்ததால் அவருடைய வாதமும் போயிற்று. கொட்டகைக்குள் எல்லாரும் நுழைந்ததும் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு நடந்தது விருந்தாளிக்காகச் செஞ்சு காட்டினது. ஆளுக்கொரு அளவு கூடு, அது போட்டியில சேராது. பலகையில போன வருஷத்துப் பேரே தொடரட்டும்."

வெர்லீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கைகுலுக்கிக் கொடுத்த வாக்கு எங்கே போயிற்று? போன வருஷத்துப் பெயர் என்றால் டாயல். ஏழாவது தடவை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாயல் அங்கே இல்லை. வெளியே அண்டாவுக்கு அடியில் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோலோடு உள்ளே வந்தான்.

"எங்கிட்ட முப்பது இருந்துச்சு ஹோபர்ட். அவங்ககிட்ட பத்து, அதையும் சேத்துல போட்டுப் பொறுக்கி எடுத்தாங்க. நான் தோத்துட்டேன். தள்ளி நில்லுங்க, சூடு."

ஹோபர்ட் தள்ளி நின்றார்.

வெர்லீன் என்று எழுத டாயலுக்கு வெகுநேரம் பிடித்தது. பழகாத எழுத்துகள். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோலை இரண்டு தடவை திரும்பக் காய்ச்சி, முதல் எழுத்தைத் தேவைக்கு மேல் ஆழமாகவே கருக்கிவிட்டான். பாட்டு எதுவும் பாடவில்லை. ஸ்டில்ட்னர் என்ற பாதி மட்டும் மளமளவென்று வந்துவிட்டது. செனட்டர் மூன்றாவது கிண்ணம் ஸ்டூவோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லீன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள், சேறுதான் இன்னும் பரவியது.

"ரிச்மண்டுல பத்துன்னு முடிவு பண்ணாலும் சரி, முப்பதுன்னு விட்டாலும் சரி அண்ணி," என்றான் டாயல், கோலைத் தண்ணீர் வாளியில் முக்கியபடி. "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஒரே அளவுலதான் ஓடறோம்."

"பத்துலயே ஓடுவோம் தம்பி," என்றாள் வெர்லீன். "அப்பவாவது நீ எண்ணிச் சுடக் கத்துக்குவ."