நாலு மணி வரை

திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே வந்ததும் பாப்பாயி அண்ணாந்து பார்த்தாள். பார்த்தபடியே பின்னால் சாய்ந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டேகால் வயது. சென்னிமலைக் கவுண்டர் தூக்கக் குனிந்தவர், நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். காவேரிக் கரையில் சொந்த ஊரான மோகனூரில் எத்தனையோ தடவை அப்படி இழுத்துக்கொண்ட கை அது. அவர் பண்ணையத்தில் வேலை செய்யும் ஆராயிதான் ஓடிவந்து தூக்கினாள்.

இந்த அருங்காட்சியகத்தைப் பட்டணத்தார் செத்த காலேஜ் என்றார்கள். காலையில் ரயில் இறங்கியதும் பார்த்த மிருகக்காட்சிச் சாலை உயிர் காலேஜாம். அங்கே புலியைக் காட்டியபோது பாப்பாயி, "பூன" என்றாள். கவுண்டர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளை விடப்போகிற அநாதை ஆசிரமத்தில் நாலு மணிக்கு மேல்தான் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை எங்கேயாவது சுற்றியாக வேண்டும். பட்டணம் பார்க்கப் போகிறேன், மூட்டை தூக்க ஆராயியும் அவளை விட்டு இருக்காத அவள் பிள்ளையும் வருகிறார்கள் என்று ஊரில் சொல்லி வந்திருந்தார். திரும்பிப் போய்ச் சொல்லவும் நாலு காட்சி வேண்டும்.

பாப்பாயி ஆராயி பெற்ற பிள்ளை அல்ல. கவுண்டரின் மகள் ராமாயி, கல்யாணம் ஆகாமல் பெற்றது. ராமாயி நோவில் ஆறு மாதம் உள்வீட்டில் கிடந்தாள் என்றுதான் மோகனூருக்குத் தெரியும். பிள்ளை பிறந்த அதே வாரம் தன் சிசுவைப் பறிகொடுத்த ஆராயி, காட்டுச் சாளைக் குடிசையில் இதற்குப் பால் கொடுத்துத் தன்னுடையதாக வளர்த்தாள். பண்ணையத்துப் பிள்ளைகள் எல்லாம் கவுண்டரைக் கூப்பிடுகிறபடி அதுவும் 'பண்ணாடி' என்றே கூப்பிடப் பழகியது. இப்போது ராமாயிக்குச் சங்ககிரியில் இடம் அமைந்து, தையில் முகூர்த்தம். போன மாதம் பங்காளி சின்னண்ணன் களத்தில் நாலு பேர் நடுவில், "ஏனுங்க பெரீப்பா, ஆராயி புள்ள மூஞ்சி நம்மூட்டு மூஞ்சியாட்டவே இருக்குதுங்களே?" என்று சிரித்தான். ஆராயியிடம் தான் பெற்றது என்ற பழியோடு நின்றிருந்தால் கவுண்டர் பொறுத்திருப்பார். அது ஒரு எட்டுத் தள்ளி மகள்மேல் விழ எத்தனை நாளாகும்?

"பொட்டிக்குப் பொட்டி என்னமோ எழுதி ஒட்டியிருக்குதுங்களே பண்ணாடி?" என்றாள் ஆராயி.

"பேரு. இன்னது, இன்ன ஊர்ல கெடச்சுதுன்னு."

"செத்ததுக்குங்களா?" என்றவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஊருக்குப் போனா நான் அழுகோணுங்களா?"

"அழுகோணும். பட்டணத்துல புள்ள வாந்திபேதி கண்டு போயிருச்சுன்னு சொல்லோணும்."

"அழுகையெல்லாம் தன்னால வந்துருமுங்க. பொய்தான் வராது."

பக்கத்தில் பிள்ளைகளோடு நின்ற பட்டணத்து அம்மாள் ஒருத்தி பாப்பாயியின் கன்னத்தைத் தட்டினாள். "பேத்தியா பெரியவரே? அப்படியே உங்க ஜாடை."

கவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. "ஆமாங்க" என்றார். "மக வயத்துப் பேத்தி."

சொன்ன கையோடு பிள்ளையை ஆராயியிடமிருந்து வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். கடற்கரை வரை இறக்கவில்லை. அங்கே அலையில் விட்டார். "காவேரி, காவேரி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மறுபடியும் தோளில் ஏற்றினார்.

"அப்புச்சின்னு சொல்லு சாமி."

"பண்ணாடி."

"பண்ணாடியில்ல. நான் உங்கம்மாவப் பெத்தவன். அப்புச்சி."

"அப்பிச்சி."

"நாலு மணிக்கு உடப்போற புள்ளைக்கு எதுக்குங்க பண்ணாடி அந்தச் சொல்லு?" என்றாள் ஆராயி.

"ஒரு நாளைக்காச்சும் கூப்புட்டுட்டுப் போகுட்டும்."

ஆசிரமத்து எழுத்தர் பெரிய நோட்டைத் திறந்தார். "குழந்தைக்கு யாரும் இல்லையா?"

"இல்லீங்க. எங்க பண்ணையத்து ஆளு புள்ளை. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"நீங்க என்ன உறவு?"

"உறவு ஒண்ணுமில்லீங்க. பண்ணையக்காரன்."

ஆராயியின் இடுப்பிலிருந்து பாப்பாயி இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினாள். "அப்பிச்சி, தூக்கு."

எழுத்தரின் பேனா நின்றது. "என்ன சொல்றா குழந்தை? அப்பிச்சின்னா யாரு?"

கவுண்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பட்டணத்தானுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

"பண்ணையக்காரங்களை எங்க பக்கம் அப்படித்தானுங்க கூப்புடுவாங்க."

ஆராயி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதற்கப்புறம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளேயிருந்து வந்த ஒருத்தி பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள்.

வாசலில் ஜட்கா வண்டி நின்றது. கவுண்டர் வண்டிப்படியில் ஒரு காலை வைத்தபோது மதிலுக்கு உள்ளேயிருந்து, "அப்பிச்சி" என்று குரல் வந்தது. கொஞ்சம் நின்று மறுபடியும் வந்தது. அப்புறம், அந்தச் சொல்லுக்கு ஆள் வராது என்று கண்டதுபோல, "பண்ணாடி" என்றது.

அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். சட்டையின் மார்பில் இரண்டு சின்னப் பாதங்களின் அளவுக்கு ஒட்டியிருந்த கடல்மணல் காய்ந்து, மூச்சு விடுந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.