சுலோச்சனாவின் தப்பான திருப்தி

எனக்கு எதுவுமே ஒரு தடவையில் மண்டையில் ஏறாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே ஓய்ந்துபோனார்கள். 1999-இல், நாற்பத்திரண்டு வயதில், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இன்டர்நெட் வழியாக இங்கிலீஷ் படிக்கச் சேர்ந்தேன். ஒரே பாடத்தைப் பத்தொன்பது தடவை போட்டுக் கேட்டேன். அந்த மெஷின் ஒரு தடவைகூட உச்சுக் கொட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு பிடித்துப்போனது.

முதல் பாகம் முடிந்ததும் திருப்திப் படிவம் கொடுத்தார்கள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். மறுநாள் மேனேஜர் கோதண்டபாணி கூப்பிட்டார்.

"மேடம், உங்க திருப்தி தப்பா கீது."

"எப்படிங்க தப்பாகும்?"

"சேரும்போது ஒரு டெஸ்ட் எழுதினீங்களே, அதுல ஞாபகசக்தி கம்மி, தானா படிக்கிற திறமை கம்மின்னு வந்துக்கீது. அப்படிப்பட்டவங்களுக்கு இந்தப் படிப்பு புடிக்காது. ரெண்டும் ஒத்துப்போனாதான் சர்டிஃபிகேட். அது இல்லாம ரெண்டாம் பாகத்துல சேர முடியாது."

"டெஸ்ட்டை மாத்திக்கலாமே?"

"அது விஞ்ஞானம் மேடம். உங்க மனசுன்னா மாத்திக்கலாம்."

ரெண்டாம் பாகத்தைக் கைவிட எனக்கு மனசில்லை. புதுப் படிவத்தில் பூஜ்யம் போட்டேன். அது போதாதாம், அதிருப்தி உண்மைதான் என்று கெஸட்டட் ஆபீஸர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரே ஆபீஸர் அடையாறில் இருந்த அரசு மாட்டு டாக்டர் அப்துல் கஃபார்தான். ஒரு ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா திருப்தி இல்ல?"

"நேத்துலேர்ந்து."

"சாப்பாடு எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன்."

"மூஞ்சியைப் பார்த்தா திருப்தி இல்லாத மாதிரி தெரியலையேம்மா. தெளிவா இருக்கீங்க. நான் எப்படிப் பொய்க் கையெழுத்து போடறது?"

ரெண்டாம் பாகம் கைநழுவிப் போகிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் பொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வந்து, கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கோதண்டபாணி சிரித்த முகமாகச் சர்டிஃபிகேட்டை நீட்டினார். ரெண்டாம் பாகத்துக்கு விண்ணப்பம் கேட்டேன்.

"அதை நிறுத்திட்டாங்க மேடம். பதினோரு பேர் படிச்சதுல பத்து பேருக்குப் புடிக்கல. ஒருத்தருக்குப் புடிச்சிருந்தாகூட நடத்தலாம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிக்கினு இருந்தாங்க. மிச்சமிருந்த அந்த ஒருத்தரும் புடிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"அந்த ஒருத்தர் நான்தாங்க."

"தெரியும் மேடம்," என்றார். "அதனாலதான் உங்களுக்கு சர்டிஃபிகேட் வந்துச்சு."