வயசுக்கோளாறு

அந்த வீட்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. மூத்தவன் பெரியவன், இளையவன் சின்னவன், அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த பெரியவன் இருபத்திரண்டாவது வயதில், ஏழாவது மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். நான்கு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை சின்னவன் அண்ணனைவிட மூத்தவன் ஆனான். நாட்களை எண்ணிப் பார்த்து அவனே கண்டுபிடித்தது அது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னாலும் அவன் சின்னவன்தான்.

அண்ணனுடைய வேலையும் இரண்டு வேலைச் சட்டைகளும் சேர்ந்தேதான் அவனுக்கு வந்தன. அப்போது பதினெட்டு வயது. ஆணியில் மாட்டிய மாதிரி சட்டை அவன்மேல் தொங்கியது. அம்மா இரண்டு பக்கமும் மடித்துத் தைத்தாள்.

"வளர்ற உடம்பு. அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்."

வருடத்துக்கு ஒரு தையல் பிரிந்தது. இருபதோடு வளர்த்தி நின்றுவிடும் என்று ஊரே சொன்னது. அவனுக்கோ அதற்குப் பிறகுதான் தோள் விரிந்தது, கழுத்து தடித்தது, கன்னத்துச் சதை வற்றி முகத்துக்கு ஓர் எலும்பு வந்தது. சுவரில் இருந்த அண்ணன் போட்டோ மட்டும் அப்படியே இருந்தது. போகப் போக அது யாரோ ஒரு சின்னப் பையனின் முகமாகிவிட்டது. அம்மாவுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "பெரியவனுக்கு இந்தச் சட்டை லொடலொடன்னு இருக்கும்" என்பாள், சின்னவன் எதையோ திருடித் தின்று வளர்ந்துவிட்ட மாதிரி.

மாறியது உடம்பு மட்டுமில்லை. பதினெட்டில் யாராவது "ஏறு" என்றால் வாய் மூடுவதற்குள் ஏறிவிடுவான். இப்போது ஒரு நிமிடம் நின்று, எங்கே பிடிப்பது, எங்கே மிதிப்பது, வழுக்கினால் எது கைக்கு எட்டும் என்று பார்த்துக்கொள்கிறான். யாரும் சொல்லித்தரவில்லை. கடைவாய்ப் பல் மாதிரி அது பாட்டுக்கு முளைத்தது.

பெரியவன் செத்த அன்று சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் கைகட்டி நின்றார். "சேஃப்டி பெல்ட் போடுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. கேக்கலையே. வயசுக்கோளாறு." சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவும் பிடித்துக்கொண்டாள். சொல்லியும் கேட்காமல் பெல்ட் போடாமல் ஏறினான் என்று கம்பெனி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் சின்னவனுக்கு வேலை கிடைத்தது.

அவனும் நம்பினான். நான்கு வருடம் செத்தவன்மேல் கோபமாக இருந்தான். அம்மை வருவதற்குக் காத்திருப்பதுபோல் அந்தக் கோளாறு தனக்கும் எப்போது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

அந்த வியாழக்கிழமை ஒரு துணிக்கடையில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அவனோடு வேலை பார்ப்பவருக்குக் கிரீஸ் என்று பெயர். குளித்துவிட்டு வந்தாலும் கையில் அந்தக் கறுப்பு இருக்கும். வழக்கமாக ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஒரு பெல்ட் போதும். அன்றைக்கு இரண்டு பேரும் மேலே ஏற வேண்டிய வேலை. கிரீஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். சின்னவன் இன்னொன்று கேட்டான்.

"தைக்கக் குடுத்திருக்கு" என்றார் சூப்பர்வைசர். "ரெண்டு நிமிஷ வேலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

"பெல்ட் வரட்டும் சார், ஏறறேன்."

"ஏன், பல்லக்கு கொண்டு வரட்டுமா தொரைக்கு? உங்கண்ணன் இருந்தான்னா இந்நேரம் குரங்கு மாதிரி ஏறி இறங்கியிருப்பான்."

"இறங்கினதுதான் தெரியுமே சார்."

கிரீஸ் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்தார்.

"இந்தா தம்பி, நீ போட்டுக்க. நான் ஏறல. உங்கண்ணன் விழுந்த அன்னிக்கும் இது என் இடுப்புலதான் இருந்துச்சு."

"யோவ் கிரீஸு, வாய மூடு."

"அவன் கேட்டான் தம்பி. ரெண்டு தடவை கேட்டான். இவரு ரெண்டு நிமிஷம்தான்னாரு. நான் பிள்ளகுட்டிக்காரன்னு..." பெல்ட்டைத் தரையில் வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

சின்னவன் ஏறவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க சார்... தெரியுதுங்க சார்... வயசு அப்படி. நாளைக்குக் காலைல அனுப்பி வைக்கறேன், மன்னிப்புக் கேட்டுக்குவான்." வைத்துவிட்டுத் திரும்பினாள். "எதுக்குடா எதிர்த்துப் பேசற? நல்லாத்தானே இருந்த. பெரியவனுக்கு வந்த அதே வயசுக்கோளாறு உனக்கும் வந்துடுச்சா?"

"அண்ணன் பெல்ட் கேட்டிருக்கான்மா. ரெண்டு தடவை. குடுக்கல. கிரீஸ் அண்ணன் என் முன்னாலயே சொன்னாரு."

அம்மா பதறவில்லை, "அப்படியா" என்றுகூடக் கேட்கவில்லை. கொடியில் கிடந்த வேலைச் சட்டையை எடுத்து, தோள்பட்டையில் விட்டுப்போயிருந்த தையலை விரலால் தடவினாள்.

அவனுக்குப் புரிந்துபோயிற்று.

"உனக்குத் தெரியும்."

"அன்னிக்கு சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சுது." ஊசியில் நூல் கோத்தாள். "போனவன் போயிட்டான். நீ பதினெட்டு வயசுல மலங்க மலங்க நின்னுட்டிருந்த. அந்தக் கையெழுத்துலதான்டா இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சுது."

"நாலு வருஷமா என்னை அவனைத் திட்ட விட்டியேம்மா."

"செத்தவனுக்குத் திட்டு வலிக்காது."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சட்டையை நீட்டினாள். "போட்டுப் பாரு."

போட்டான். கையை முன்னால் நீட்டியதுமே முதுகில் சட்டை சர்ரென்று கிழிந்தது. அம்மா அவனைத் திருப்பி நிறுத்தி உள்பக்கம் பார்த்தாள். மடித்து வைத்த துணி எப்போதோ தீர்ந்திருந்தது.

"பிரிச்சு விட இனிமே ஒண்ணும் இல்லடா."

காலையில் சின்னவன் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"மன்னிப்புக் கேக்கத்தானே போற?"

"பெல்ட் கேக்கப் போறேன். அண்ணனுக்கும் சேத்து."

"வேலை போயிடும்டா."

"போகட்டும்."

"வயசு..." என்று ஆரம்பித்தாள். மீதியைச் சொல்லவில்லை.

பத்து மணிக்கெல்லாம் அவன் திரும்பி வந்துவிட்டான். "பெல்ட்டும் இல்ல, வேலையும் இல்லம்மா" என்றான். அம்மா வேலைச் சட்டையின் கிழிந்த இடத்தில், பெரியவனின் இன்னொரு சட்டையிலிருந்து வெட்டிய துணியை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள்.