ஆறாவது படிவம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். புறநகரின் மெரி, அதாவது நகரசபை, ஐந்தரைக்குப் பூட்டும். அதோடு இந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பதிவு முடிந்துவிடும்.

மிருணாளினி கோப்பில் இருந்த படிவங்களைத் திரும்ப எண்ணவில்லை. நூற்றுநாற்பத்தைந்து. நூற்றைம்பது வேண்டும்.

பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், தில்லையம்பலத்தின் மரக்கறிக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அருகே ஒரு மடக்கு மேசை. ஐந்து வெள்ளிக்கிழமைகளாக அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து அவள் அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வடக்கே, ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்தப் புறநகரில் அவள் வேட்பாளர். கடந்த முறை அவளுடைய கட்சி அங்கே நூற்றுப் பதினெட்டு வாக்குகளால் தோற்றது.

டிசம்பரில் கட்சிக்காரர்கள் ஞாயிறு தோறும் கதவு தட்டினார்கள். தமிழ் வீடுகள் திறக்கவில்லை. ஆண்கள் உணவகச் சமையலறைகளில் நின்றார்கள். வாரம் முழுவதும் இருட்டில் எழும்பி வேலைக்குப் போன பெண்கள் அந்த ஒரு நாள் தூங்கினார்கள். "உங்களுடைய ஆட்களுக்கு இதில் அக்கறை இல்லை" என்றாள் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்குத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை.

"வெள்ளிக்கிழமைதான் மரக்கறி வருகிறது" என்றாள் மிருணாளினி.

தலைவிக்கு விளங்கவில்லை. விமானத்தில் முருங்கைக்காயும் கீரையும் வந்து இறங்கும் நாளில் அந்தப் புறநகரே கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி இந்தத் தெருவுக்கு வரும் என்பதை மிருணாளினி சொல்லவேண்டியிருந்தது. வருகிறவர்களில் பலருடைய வாக்கும் இன்னும் இந்தத் தெருவில்தான் இருந்தது என்பதையும். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபோது இங்கே அறைகளில் இருந்தார்கள். பிறகு புறநகரில் வீடு வாங்கிப் போனார்கள். வாக்கை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினாறு பேருடைய வாக்காளர் அட்டைகள் இப்போதும் தில்லையம்பலத்தின் கடை முகவரிக்கே வருகின்றன. அவர் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அவரும் வீடு அங்கே, வாக்கு இங்கே என்று இருப்பவர்தான்.

"எங்களுடைய ஊர் வாக்காளரைத் தேடிப் பாரிசுக்கா போகிறாய்?" தலைவி சிரித்தாள். பிறகு யோசித்தாள். நூற்றைம்பது பேரைப் பதிந்தால் பட்டியலில் ஏழாமிடம். இல்லாவிட்டால் இருபத்தொன்பது. ஏழு என்றால் சபையில் ஒரு கதிரை. இருபத்தொன்பது என்றால் சுவரொட்டியில் ஒரு தமிழ் முகம்.

மேயருடைய பட்டியலிலும் ஒரு தமிழ் முகம் இருந்தது. ரொஷான். இருபத்துமூன்றாமிடம். அவனும் இந்தக் கடைக்கு வந்துபோனான். தில்லையம்பலம் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "ஓம் பிள்ளை, செய்வம்." "ஓம் தம்பி, செய்வம்." அந்த ஓமை மிருணாளினி எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

"கீரை நேற்றையானோ?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"பிளேனிலை வந்தது அக்கா. என்னைவிடப் புதுசு" என்றார் தில்லையம்பலம்.

அவள் போகும்வரை மிருணாளினி பொறுத்திருந்தாள்.

"மாமா, இண்டைக்குத்தான் கடைசி."

"இஞ்சை மெரியிலை என்னைத் தெரியும் பிள்ளை. லொறி இறக்க வாசலிலை இடம் தந்தவங்கள். வோட்டை அங்கை கொண்டுபோனால், நாளைக்கு ஆர் என்ரை கதையைக் கேப்பினம்?"

"இஞ்சை நீங்கள் ஒரு லட்சத்திலை ஒராள். அங்கை நூற்றுப் பதினெட்டிலை ஆறு பேர்."

"ஆறோ?"

"நீங்கள், மாமி, உங்கடை தம்பிமார் ரெண்டு பேர், அவையின்ரை மனிசிமார்."

"அவை நான் சொன்னால்தான்."

"தெரியும். அதுதான் உங்களைக் கேக்கிறன்."

அவர் கீரைக்கட்டுகளை அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டுகள்தான்.

காசு மேசையில் இருந்த அவர் மனைவி புனிதவதி இழுப்பறையைத் திறந்தாள். காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டுப் பகலில் கடையில் இருப்பவள். ஒரு பழுப்பு உறையை எடுத்து மடக்கு மேசையில் வைத்தாள். உள்ளே ஐந்து படிவங்கள். ஒவ்வொன்றோடும் அடையாள அட்டைப் பிரதி, கரண்ட் பில். ஐந்திலும் கையெழுத்து இருந்தது. அடியில் ஆறாவது, கணவருடையது, அவளே நிரப்பியது. கையெழுத்துக்கான பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட வந்தவை. அப்பவே வாங்கிப்போட்டன்" என்றாள்.

"எனக்குச் சொல்லேல்லை?" என்றார் தில்லையம்பலம்.

"நீங்கள் கேக்கேல்லை."

மிருணாளினி பில்களின் திகதிகளைப் பார்த்தாள். எல்லாம் மூன்று மாதத்துக்குள். ஐந்தையும் கோப்பில் வைத்தாள். ஆறாவதை மேசையிலேயே விட்டாள்.

"நூற்றைம்பது, மாமா. இது காணும். உங்கடை இல்லாட்டியும் சரி."

அவள் குத்திச் சொல்லவில்லை. அது கணக்கு. தில்லையம்பலம் கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் படிவத்தைப் பார்த்தார். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"பேனையைத் தா."

முழுப்பெயரையும் எழுதினார். கடைசி எழுத்துகள் பெட்டிக்கு வெளியே போயின.

நான்கு இருபத்தைந்து. மிருணாளினி கோப்பைப் பைக்குள் வைத்து மேசையை மடக்கினாள். கார் து நோருக்குப் பத்து நிமிட நடை. ஐந்து மணிக்கு நகரசபையில் நிற்கலாம். சபைக் கூட்டம் ஒன்றை அவள் போய்ப் பார்த்திருந்தாள். ஜன்னலோரம், இரண்டாவது வரிசை. எந்தக் கதிரை என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தபோது புனிதவதி கூப்பிட்டாள்.

"பிள்ளை, எங்கடை வீட்டிலையிருந்து ஸ்டேசன் மட்டும் மூண்டு லைட் எரியிறேல்லை. ரெண்டு மாரிகாலமாப் போச்சு. விடிய நாலரைக்குப் போன் வெளிச்சத்திலைதான் நடக்கிறன்." வரிசையில் நின்றவரின் தேங்காய்களைப் பைக்குள் போட்டபடியே சொன்னாள். "ரொஷானிட்டையும் சொல்லிப்போட்டன். மார்ச் பதினைஞ்சு தேர்தலுக்கு முதல், ரெண்டு பேரிலை ஆர் லைட்டைப் போடுவிக்கிறியள்?"