மண்புழுக் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள்?

மாமனார் புது ஷூ வாங்கிவிட்டார். கறுப்புத் தோல். நடந்தால் கீச்சென்றது. மேடையில் சத்தம் போட்டு மானத்தை வாங்கக்கூடாது என்று தினமும் மாலையில் அதை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார்.

அந்தக் கீச்சொலி கேட்கும்போதெல்லாம் மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் மண் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகர். நிலையம் நடத்தும் இதழுக்கு ஐம்பது வயது ஆகிறது. இதுவரை எத்தனை கட்டுரைகள் வந்தன, தனியாக எழுதியவர்கள் எத்தனை பேர், கூட்டுச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்றெல்லாம் அளந்து, சிறப்பிதழுக்கு எழுதித் தரும் வேலை அவள் தலையில் விழுந்தது. அதிக மேற்கோள் பெற்ற பத்துப் பேரை விழா மேடையில் ஏற்றப்போவதாக இதழாசிரியர் அறிவித்திருந்தார்.

மாமனார் அதே நிலையத்தில் மண் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதினார், அதுவும் இந்த இதழில். வழியில் தடை வந்தால் மண்புழு இடப்பக்கம் திரும்புமா, வலப்பக்கமா என்பது கேள்வி. இரண்டு கோடைகளைக் குனிந்தபடியே கழித்து, அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும் என்று நிறுவினார்.

சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சு.

"என்னம்மா, நம்ம புழு எத்தனைல நிக்குது?"

"இன்னும் எண்ணி முடியலை மாமா."

"பத்துக்குள்ள வந்தா போதும். முதலிடம் வேணும்னு நான் ஒண்ணும் பேராசைப்படலை."

எண்ணி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புழு பூஜ்யத்தில் நின்றது.

பேருந்து நிறுத்தத்தில் கணவனிடம் சொன்னாள். "நீங்க சொல்லிடுங்களேன். உங்க அப்பாதானே?"

"அப்பா என்னோடவர். அட்டவணை உன்னோடது."

"இப்படி நழுவ எங்க கத்துக்கிட்டீங்க?"

"புழுகிட்டதான். தடை வந்தா ஏதாவது ஒரு பக்கம் திரும்பிடணும்." பேருந்து வந்தது. ஏறிவிட்டான்.

அவள் மறுபடி தேடினாள். மேற்கோள் காட்டுபவர்கள் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டால் கணினி அதை யார் கணக்கிலும் சேர்க்காது. அப்படி அநாதையாகக் கிடந்தவற்றையெல்லாம் துழாவினாள். மாமனார் பெயரை எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் கெடுத்துப் பார்த்தாள். ஒரு மண்புழு அகப்பட்டது. அது வேறொருவருடையது.

முதலிடத்தில் இருந்தது இதழாசிரியரின் கட்டுரை. ஆனால் அதை மேற்கோள் காட்டியவர்களில் பாதிக்கு மேல் அவரேதான். தன்னைத்தானே காட்டிக்கொண்டதைக் கழித்ததும் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினார். அதையும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பூஜ்யத்தை அழித்து வேறு எண் போட்டால்தான் என்ன? விரல் விசைப்பலகை மேல் நின்றது. பத்துக்குள் வர வேண்டுமென்றால் குறைந்தது நாற்பது போட வேண்டும். அவ்வளவு பெரிய பொய் அவள் கைக்கு அடங்கவில்லை.

அப்போது வாசிப்பு அறையில் கீச்சென்றது.

"ஷூவைக் கொஞ்சம் வெளியில நடத்திப் பார்க்கலாம்னு வந்தேன்" என்றார் மாமனார். கண் திரையில் இருந்தது. "அட, முடிஞ்சிருச்சு போல!"

அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். வேறு வழி தெரியவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பத்துப் பெயர்களையும் படித்தார். கீழே நகர்த்தினார். இருபது. முப்பது.

"கீழயா?"

"கீழதான் மாமா."

திரை ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் தெரிந்த பெயர் ஒன்று வந்தது. "இந்தச் சோம்பேறிக்குப் பதினொண்ணா!" என்றார். பிறகு விரல் மட்டும் விசையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் கீழயா?"

"இன்னும் கொஞ்சம்."

அடிக்கு வந்து சேர்ந்தார். தன் பெயரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வட்டத்தையும் பார்த்தார்.

"சரி" என்றார். "தப்புன்னும் ஒருத்தனும் சொல்லலையே."

வாசல்வரை கீச்சொலி கேட்டது. அன்று மாலை மாடிப்படி சும்மா கிடந்தது. ஷூ பெட்டிக்குள் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் அவர் உப்பை மட்டும் கேட்டார்.

மறுநாள் இதழாசிரியரிடம் ஒன்பதாம் இடத்தைச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"கழிக்கிறது எல்லாம் சரி மேடம். அப்போ பூஜ்யங்களையும் ஒளிக்காதீங்க. எண்ணிக்கை மட்டும் போட்டா எவன் நம்புவான்? எந்தெந்தக் கட்டுரைன்னு ஒண்ணு விடாம மேற்கோள் பட்டியல்ல சேர்த்துட்டு வாங்க."

பழிக்குப் பழி. ஆனால் கேட்டது நியாயம்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். மாமனார் தண்ணீர் குடிக்க வந்தவர் பின்னால் நின்றுவிட்டார்.

"என் பேரு எதுக்கு இங்க?"

"பட்டியல் மாமா. யாரும் மேற்கோள் காட்டாத கட்டுரைங்க."

"நீ காட்டறியே?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இது அச்சுல வந்த உடனே எனக்கு ஒண்ணு ஆயிடும். அப்போ நீ போட்ட பூஜ்யம் பொய்." தம்ளரை வைத்தார். "உன் அட்டவணை கெட்டுப்போகும்மா. என்னை எடுத்துடு."

"உங்களை மட்டும் எடுத்தா அதுவும் பொய்தான் மாமா. தவிர, போன டிசம்பர் வரைக்கும்தான் என் கணக்கு. மேலயே போட்டிருக்கேன் பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"அப்போ அடுத்து யாராவது எண்ணினா?"

"ஒண்ணு."

"ஒண்ணு" என்றார். தம்ளரை எடுத்தார், மறுபடி வைத்தார். "வீட்டாளுங்க காட்டினா கழிச்சிடுவாங்களோ?"

"எழுதினவரே காட்டினாதான் கழிப்போம். மருமக காட்டினா கழிக்கமாட்டோம்."

"அது ஒண்ணுக்காவது நீ மருமகளா வந்தது நல்லது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போனார்.

திருத்தம் பார்க்க அச்சுப் புரூஃப் வந்தபோது அதை அவரே பிடுங்கிக்கொண்டார். முன்பக்கங்களைத் தொடவில்லை. நேரே மேற்கோள் பட்டியலுக்குப் போனார். அலமாரியிலிருந்து பழைய இதழ்களை இறக்கி, ஒவ்வொரு பூஜ்யத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். கணவன் எட்டிப் பார்த்தான்.

"உங்களோடது சரியா இருக்காப்பா?"

"என்னோடதுக்கு என்ன? இங்க பாரு, இந்தக் கரையான் கட்டுரைக்காரனுக்குப் பக்க எண்ணை மாத்திப் போட்டு வெச்சிருக்கா உன் பெண்டாட்டி."

மருமகள் எட்டிப் பார்த்தாள். தப்புதான்.

"சாயங்காலம் திருத்திடறேன் மாமா."

"சாயங்காலமா? இன்னிக்கு அச்சுக்குப் போகுதுன்னு போட்டிருக்கு. இவனுக்கும் கிடைக்கப்போறது இந்த ஒண்ணே ஒண்ணு. அதையும் அநாதை ஆக்கிடாதே."

புரூஃபை மடித்துக் கக்கத்தில் இடுக்கினார். கட்டிலடியில் இருந்த பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருக்கோடிவரை, அவசர அவசரமாக, கீச் கீச்சென்று.